அடகுக்கடையில் ஒரு ஸ்டார் பி.எம். பிஸ்டல்: மேகசின் இல்லை, ஒரு பக்கக் கிரிப் இல்லை. வாங்கலாமா?

இர்விங்_தஞ்சாவூரான்:

வணக்கம். டெக்சாஸில் இர்விங்கில் இருக்கிறேன், கிரீன் கார்டு வந்துவிட்டது. அலுவலக நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பழகினேன். இப்போது சொந்தமாக ஒரு கைத்துப்பாக்கி வேண்டும். ரேஞ்சில் சுடத்தான், இடுப்பில் வைத்துக்கொண்டு திரிய இல்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அடகுக்கடையில் ஸ்பெயின் நாட்டு ஸ்டார் பி.எம். ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. விலைச்சீட்டில் 160 டாலர். முழுக்க இரும்பு, கையில் எடுத்தால் நல்ல கனம், பிடி அருமையாக அமைகிறது. ஆனால் தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின் இல்லை. வலது பக்கக் கிரிப் தகடு இல்லை, திருகும் இல்லை. பின்னால் உள்ள சுத்தியலை, அதாவது ஹாமரை, இழுத்து வைத்து டிரிகரை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, ஹாமர் அப்படியே நிற்கிறது. "உள்ளே ஏதோ பாகம் போயிருக்கிறது, அதனால்தான் இந்த விலை, அப்படியே எடுத்துக்கொள்" என்கிறார் கடைக்காரர்.

உதிரிபாகம் வாங்கிப் போட்டால் 250 டாலருக்குள் முடிந்துவிடும் என்று மனம் சொல்கிறது. வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_இரும்பு:

தம்பி, நான் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கிறேன். என்னிடமும் ஒரு பி.எம். இருக்கிறது, பல வருடமாகச் சுடுகிறேன். அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் டிரிகர். பி.எம்.-இல் மேகசின் உள்ளே இல்லாவிட்டால் ஹாமர் விழாது. மேகசினை உருவிவிட்டு, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஒரு தோட்டா நிற்பதை மறந்து டிரிகரை அழுத்துகிறவர்களைக் காப்பாற்றுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் பார்த்தது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். கடைக்காரருக்கு இது தெரியவில்லை போலிருக்கிறது. ஆனால் அதை வைத்து உடனே சந்தோஷப்பட வேண்டாம். டிரிகர் வேலை செய்கிறதா என்று யாராலும் பார்க்க முடியாத நிலையில் ஒரு பொருளை விற்கிறார்கள், அவ்வளவுதான் இப்போதைக்குத் தெரிந்த உண்மை.

அடுத்து, இது எந்த ஊர்ச் சரக்கு என்பது முக்கியம். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் ஐபர் என்ற ஊரில் பொனிஃபாசியோ எச்செவெரியா என்ற குடும்பக் கம்பெனி செய்தது, ஸ்டார் என்பது அவர்கள் வைத்த பெயர். பி.எம். 1972-இல் வந்தது. கார்டியா சிவில் என்ற அவர்களுடைய காவல்படை வைத்திருந்தது. படை புதிய துப்பாக்கிக்கு மாறியதும் பழசெல்லாம் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கு வந்தன, சில வருடங்களுக்கு முன் மேகசினோடு 200 டாலர் சுமாருக்கே விற்றார்கள். கம்பெனி 1997-இல் மூடப்பட்டுவிட்டது. இன்று அந்த ஊரிலிருந்து ஒரு ஸ்பிரிங் கூட புதிதாக வராது.

பலர் இதைப் பார்த்ததும் "அமெரிக்க பிஸ்டல் கோல்ட் 1911 மாதிரியே இருக்கிறதே, அதன் பாகம் பொருந்தும்" என்று நினைக்கிறார்கள். பொருந்தாது. வெளித்தோற்றம் மட்டும்தான் ஒன்று. 1911-க்கு அமெரிக்காவில் எந்தப் பாகமும் கிடைக்கும், ஊரில் டிவிஎஸ் 50-க்குக் கிடைப்பது போல. வெறும் ஃபிரேமை (பிடியும் டிரிகரும் உள்ள அடிச்சட்டம்) வாங்கி முழுத் துப்பாக்கி கட்டுகிறவர்களே இருக்கிறார்கள். ஸ்டாருக்கு அந்த வசதி இல்லை. நியூயார்க் மாநிலத்தில் உள்ள நம்ரிச் போன்ற பழைய உதிரிபாகக் கடைகளில் தேட வேண்டும், கழற்றிய துப்பாக்கிகளிலிருந்து எடுத்த பாகம் கிடைக்கும் நாளில் கிடைக்கும். "250-க்குள் முடிந்துவிடும்" என்ற உங்கள் கணக்கு 1911-க்குச் சரி. இதற்கு நான் அந்தக் கணக்குப் போட மாட்டேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது நீங்கள் சொல்லாத பாகம்: ஃபயரிங் பின், அதாவது ஹாமர் அடித்ததும் தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி. ஸ்டாரில் அது உடைவது எல்லாருக்கும் தெரிந்த வியாதி. காலியாக வைத்து டிரிகரை அழுத்தி அழுத்தி விளையாடினால் பின் நடுவில் ஒடிந்துவிடும். ஒடிந்த முன்துண்டு துளைக்குள்ளேயே கிடக்கும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தத் துண்டு முனை நீட்டியபடி சிக்கிக்கொண்டால்தான் ஆபத்து. ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுத்து விட்டதும், டிரிகரில் விரலே வைக்காமல், தோட்டா வெடிக்கக்கூடும்.

மேகசின் தொலைந்து போகும், அது சகஜம். பிடித் தகடு உடையும். ஆனால் ஒரு பக்கத் தகடும் திருகும் சேர்ந்து இல்லை என்றால், யாரோ பழுது பார்க்கக் கழற்றி, முடியாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். என்ன இல்லை என்பதைவிட ஏன் கழற்றினார்கள் என்பதைக் கண்டுபிடியுங்கள்.

சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் வருகிறேன். என் துப்பாக்கியின் மேகசினை, காலியாகத்தான், எடுத்து வருகிறேன். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, ஸ்லைடைக் கழற்றிப் பார்த்துவிடலாம். அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதீர்கள்.

கோடு_எழுதுபவன்:

நல்ல தகவல் அண்ணா. ஒரு பக்கக் கேள்வி. நான் எச்-1பி விசாவில் ஆஸ்டினில் இருக்கிறேன். இதே மாதிரி மலிவாக, தனி ஆளிடம் கைமாற்றாக வாங்கினால் ஃபாரம் எதுவும் வேண்டாமாமே? டெக்சாஸில் அப்படித்தான் என்று ரூம்மேட் சொல்கிறான்.

விசா_வரிசை:

இதைப் படித்ததும் பதறிப்போய் எழுதுகிறேன், தயவுசெய்து அந்தப் பேச்சை நம்பாதீர்கள். டெக்சாஸில் இரண்டு தனி ஆட்கள் கைமாற்றிக்கொள்ளும்போது ஃபாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஃபாரம் இல்லாததால் தடை இல்லாமல் போகாது. 1998-இல் மத்திய சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. எச்-1பி, எஃப்-1 எல்லாம் இதில் அடக்கம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே விதிதான். விதிவிலக்குகள் சில உண்டு. நம் ஆட்களுக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை என்று 2022-இல் உயர்த்தியிருக்கிறார்கள்.

தஞ்சாவூர்க்காரருக்கும் ஒரு வார்த்தை. கிரீன் கார்டுக்கு இந்தத் தடை கிடையாது, நீங்கள் தாராளமாக வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவம் கொடுப்பார்கள், குடியுரிமை பற்றிய கேள்விகளை நிதானமாகப் படித்து நிரப்புங்கள், ஏலியன் எண் (குடியேற்றத் துறை உங்களுக்குக் கொடுத்த எண்) கேட்கும். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருப்பவரையும் நாடு கடத்தச் சட்டத்தில் இடம் உண்டு. பிஸ்டலைக் காரில் வைத்த நினைவே இல்லாமல் லரேடோ வழியாக மெக்சிகோவுக்குள் போய்விடாதீர்கள். கலிஃபோர்னியாவுக்குக் காரில் போகும்போதும் அந்த ஊர்ச் சட்டம் வேறு. இன்னொன்று: எந்தப் பாகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஃபிரேமில் வரிசை எண் மட்டும் ராவப்படாமல், தெளிவாக இருக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் ஃபிரேம்தான் துப்பாக்கி. எண் அழிந்ததை வைத்திருப்பதே தனிக் குற்றம்.

கோடு_எழுதுபவன்:

ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் சேரும் என்பது தெரியவே தெரியாது. மிக்க நன்றி. கிரீன் கார்டு வரும்வரை அந்தப் பக்கமே போகவில்லை.

பிளேனோ_அம்மா:

குழந்தை இருக்கிறாள் என்று சொன்னீர்களே, அதற்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் என் கணவர் இரண்டு வைத்திருக்கிறார். கடையில் கைத்துப்பாக்கி விற்கும்போது கூடவே ஒரு பூட்டு கொடுக்க வேண்டும் என்று மத்திய சட்டமே இருக்கிறது, ஆனால் அந்தக் கேபிள் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய சிறிய பெட்டகம் ஒன்று வாங்குங்கள். தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டு வைத்து, பிள்ளை அதை எடுத்துவிட்டால் பெரியவர் மேல் வழக்கு வரும். பெட்டகத்தின் விலையை உங்கள் 250-க்குள் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மலிவுத் துப்பாக்கி வாங்கினோமே என்று பெட்டகத்திலும் மிச்சம் பிடிக்காதீர்கள் அண்ணா.

இர்விங்_தஞ்சாவூரான்:

எல்லாருக்கும் நன்றி. பெட்டகம் இன்றே ஆர்டர் செய்துவிட்டேன்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் சொன்னபடியே வந்தார். காலியாக இருக்கிறதா என்று கடைக்காரர் ஒரு முறை பார்த்தார், அண்ணன் ஒரு முறை, என்னையும் சேம்பருக்குள் விரல் விட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அப்புறம் அவருடைய மேகசினைச் செருகி, ஹாமரைக் கட்டைவிரலால் பிடித்தபடி டிரிகரை அழுத்தினார். ஹாமர் மெதுவாக அவர் விரலோடு இறங்கியது. டிரிகரில் ஒரு குறையும் இல்லை! கடைக்காரர் முகத்தில் விலையை ஏற்றலாமா என்ற யோசனை தெரிந்தது.

அடுத்து ஸ்லைடைக் கழற்றினோம். தோட்டாவின் அடிப்பாகம் வந்து உட்காரும் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பியால் ஃபயரிங் பின்னை அழுத்தினார். முன்னால் முனை எட்டிப் பார்த்தது. கம்பியை எடுத்தார். முனை உள்ளே போகவில்லை, அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது. என் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன், முள் மாதிரி குத்தியது. ஸ்லைடைக் கையில் தட்டியதும் உள்ளே போனது, திரும்ப அழுத்தினால் திரும்ப நின்றது. பின் ஒடிந்திருக்கிறது என்றார் அண்ணன். கிரிப் இல்லாத பக்கத்தில் ஃபிரேமில் துருவும் ஏறியிருந்தது, நகத்தால் தடவினால் குழி குழியாகத் தட்டுப்பட்டது.

கடைக்காரர் நல்ல மனிதர். நீட்டி நிற்கும் முனையைக் காட்டியதும் "இதை இப்படியே யாருக்கும் விற்க மாட்டேன்" என்று விலைச்சீட்டை எடுத்துவிட்டு, "கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுத்துச் சரிசெய்துகொள்வதாக இருந்தால் 110-க்குத் தருகிறேன்" என்றார்.

அண்ணா, உங்கள் முடிவு என்ன என்று அங்கேயே கேட்க நினைத்தேன், கடைக்காரர் முன்னால் கேட்கத் தயக்கமாக இருந்தது.

பழைய_இரும்பு:

நானும் அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

நானாக இருந்தால் 110-க்கு வாங்குவேன். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதற்குப் பேரல் (குழல்), ஸ்லைடு ஸ்டாப், ஸ்பிரிங் எல்லாம் மாற்றாக உதவும். பின் கிடைக்க ஆறு மாதம் ஆனாலும் எனக்கு அவசரம் இல்லை. நீங்கள் கேட்டது வேறு. ரேஞ்சில் சுட ஒரு முதல் துப்பாக்கி. அதற்கு இது வேண்டாம். ஃபயரிங் பின், மேகசின், கிரிப், திருகு, அப்புறம் கன்ஸ்மித் கூலி, எல்லாம் சேர்ந்தால் நல்ல நிலையில் உள்ள பி.எம். ஒன்றின் விலையைத் தொட்டுவிடும். அத்தனை செலவுக்குப் பிறகும் துருக்குழி அப்படியேதான் இருக்கும். முதல் துப்பாக்கியில் நீங்கள் கற்க வேண்டியது சுடுவதை. குறி தப்பினால் தப்பு என் கையிலா துப்பாக்கியிலா என்ற சந்தேகம் வரக் கூடாது.

ஸ்டார்தான் வேண்டும் என்று ஆசை விடவில்லை என்றால், முழுதாக, மேகசினோடு உள்ளதாகத் தேடுங்கள். பேரலில் "9 எம்/எம் பி" என்று வெட்டியிருக்கிறதா பாருங்கள், அது வழக்கமான 9 எம்எம் பாரபெல்லம் தோட்டாவைக் குறிக்கும். பழைய ஸ்டார்களில் சில 9 எம்எம் லார்கோ என்ற வேறு தோட்டாவுக்குச் செய்தவை, அந்தத் தோட்டா கடையில் சுலபமாகக் கிடைக்காது.

இர்விங்_தஞ்சாவூரான்:

சரி அண்ணா, விட்டுவிட்டேன். கடைக்காரரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறேன், 110-க்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அதே கடையில் போலீஸ் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்த ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10 ரிவால்வர் ஒன்று 300 டாலருக்கு வைத்திருக்கிறார். வெளியே உறை உரசி இரும்பின் மேலிருந்த நீலப் பூச்சு போயிருக்கிறது. அதில் என்ன பார்க்க வேண்டும்?

பழைய_இரும்பு:

நீலம் போனதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். போலீஸ் துப்பாக்கி உறைக்குள் வருடக்கணக்கில் உரசும், சுடுவது குறைவு. அந்த மாடல் 60 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது, அதனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம்.

காலி என்று உறுதி செய்துவிட்டு, ஹாமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹாமர் கடைசியில் நிற்கும் முன்பே சிலிண்டர் (தோட்டா போடும் சுழல் உருளை) "டக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று மட்டும் பிந்துவது உண்டு. பிறகு ஹாமரை இறக்கி, டிரிகரை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு சிலிண்டரை விரலால் ஆட்டுங்கள். துளி அசைவு இருக்கலாம், தளதளவென்று ஆடக் கூடாது. முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கடைசியாகச் சிலிண்டரைத் திறந்து, பேரலின் பின்வாயில் கீழ்ப்பக்கமாக விரிசல் ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் 275-க்குக் கேளுங்கள், 300 என்று நின்றாலும் எடுத்துவிடுங்கள். நான் செவ்வாய்க்கிழமை அந்த ஸ்டாரை வாங்க வருகிறேன், வேண்டுமானால் அன்றைக்குச் சேர்ந்தே பார்க்கலாம்.