கர்ப்பகால பிரஷர் சிறுநீரகத்தையும் தொட்டதா? அனுபவத்தைப் பகிருங்கள்

திரியைத் தொடங்கியவர், திண்டுக்கல்:

ஏழாம் மாதம் முடியும்போது எனக்குக் கால் வீங்கியது. மாசமாக இருப்பவர்களுக்குக் கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் காலையில் எழுந்தால் முகமும் உப்பியிருந்தது, மோதிரம் கழலவில்லை. வீட்டில் பார்லி கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். அந்த வாரச் செக்கப்பில் பிரஷர் 150/100, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மூன்று பிளஸ், அதாவது நிறையவே. ப்ரீஎக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால பிரஷர் நோய் என்று அன்றைக்கே அட்மிஷன்.

வலி, எரிச்சல் எதுவுமே இல்லை. சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நம்பவே முடியவில்லை. ஆரம்பத்தில் கர்ப்பப்பையில் சரியாக ஊன்றாத நஞ்சுக்கொடி, ஒருவகைப் புரதத்தை அம்மாவின் ரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலக்கிறதாம். ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் காப்பாற்றும் பொருட்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் உள்ள செல்கள் வீங்கி ரத்தம் போகும் வழி குறுகுகிறது. வடிகட்டும் வேலை குறைகிறது, ரத்தத்திலேயே நிற்க வேண்டிய ஆல்புமினோ சிறுநீரில் ஒழுகிவிடுகிறது.

ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் என் ரத்தத்தில் 1.0. லேப் தாளில் அது நார்மல் என்றுதான் இருந்தது. கர்ப்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வடிகட்டும் என்பதால் கிரியாட்டினின் 0.4 முதல் 0.8-க்குள் இறங்கியிருக்க வேண்டும். 1.1-ஐத் தாண்டினாலோ, முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கானாலோ நோய் தீவிரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் லேப் தாளை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

லேபர் வார்டு செவிலியர், மதுரை:

நல்லாச் சொன்னீங்க சகோதரி. வார்டில் நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். இந்த நோயில் வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் போடுவோம். அந்த மருந்து உடம்பைவிட்டு வெளியேறச் சிறுநீரகம்தான் வழி. சிறுநீரகம் மந்தமானால் மருந்து ரத்தத்தில் தேங்கி மூச்சையே அடக்கிவிடும். அதற்காகத்தான் டியூப் வைத்துச் சிறுநீரை அளக்கிறோம், கால் உதறுகிறதா என்று முழங்காலைத் தட்டிப் பார்க்கிறோம், மூச்சை எண்ணுகிறோம். நாலு மணி நேரத்தில் 100 மில்லிகூட வராவிட்டால் அடுத்த டோஸை நிறுத்திவைப்போம். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்கும்.

“பொண்ணுக்கு யூரினே வரலையே, ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்கம்மா” என்று கூட வந்தவர்கள் கெஞ்சுவார்கள். அவர்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இந்த நோயில் ரத்தக்குழாய்கள் கசியும். ஏற்றிய தண்ணீர் நுரையீரலில் போய் நின்றால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்:

எனக்குக் கதை பிரசவத்தோடு முடியவில்லை. குழந்தை பிறந்ததும் பிரஷர் இறங்கியது, வீக்கம் வடிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் சந்தோஷம். மூன்று மாதம் கழித்தும் ஆல்புமின் போய்க்கொண்டே இருந்ததால் சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினார்கள். சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்து பயாப்சி செய்ததில், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே எனக்குச் சிறுநீரக நோய் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. கல்யாணத்துக்கு முன் யார் யூரின் டெஸ்ட் எடுக்கிறார்கள்? பிள்ளை பெற்றவளைக் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளில்தான் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போகிறார்கள். அந்த நாளிலேயே அவளுக்கும் பிரஷர் பார்த்து, சிறுநீர் டெஸ்ட் எடுத்தால் என்ன?

இப்போது நான் சாப்பிடும் பிரஷர் மாத்திரை கர்ப்பத்தில் ஆகாத வகை. அடுத்த குழந்தைக்கு யோசிக்கும்போதே சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன் என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார்.

திரியைத் தொடங்கியவர்:

படிக்கவே மனது கனக்கிறது அக்கா, தைரியமாக இருங்கள். எனக்கு மூன்று மாதத்துக்குள் ஆல்புமின் நின்றுவிட்டது. ஆனாலும் பின்னாளில் பிரஷரும் சிறுநீரக நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட எங்களுக்குக் கூடுதல் என்பதால், வருஷம் ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சிஸ்டர், அடுத்த பிரசவத்துக்கு முன்கூட்டியே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

லேபர் வார்டு செவிலியர்:

உண்டு. நாள் தள்ளியதும் போய்ப் பதிவு செய்து, போன தடவை இப்படி ஆனது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். 12-ஆவது வாரத்தை ஒட்டி, 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதனால் நல்ல பலன். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.