உள்ளரங்க ஆட்டத்துக்குக் குட்டை ஏர்சாஃப்ட் துப்பாக்கி: வாங்கும் முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

மூலைமுடுக்கு கேட்டது:

உள்ளரங்க ஏர்சாஃப்ட் (சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டு) ஆட்டத்துக்கு ஒரு குட்டைத் துப்பாக்கி தேடுகிறேன். களத்தின் விதி: குண்டின் ஆற்றல் 1 ஜூலுக்கு மேல் கூடாது, செமி (ஒரு விசை இழுப்புக்கு ஒரு குண்டு) மட்டும். அறைகளும் நடைவழிகளும்தான், பெரும்பாலும் 5 முதல் 12 மீட்டருக்குள் சுட வேண்டியிருக்கும், அதிகம் போனால் 20 மீட்டர்.

பார்த்து வைத்திருப்பது 9 மி.மீ. சப்மெஷின் கன் வடிவ ஏஇஜி (பேட்டரி மோட்டாரில் ஓடும் துப்பாக்கி). வெர்ஷன் 2 கியர்பாக்ஸ் (பிஸ்டனை இழுத்து விடும் கியர்ப் பெட்டி), 200 மி.மீ. உள்குழல், பேட்டரி பின்கட்டைக் குழாய்க்குள். ஒருவர் பயன்படுத்தியது. அரை மணி நேரம் சுட்டுப் பார்க்கலாம் என்கிறார். கியர்பாக்ஸைத் திறக்க மட்டும் விடமாட்டார். 0.20 கிராம் குண்டில் 290 எஃப்பிஎஸ் (விநாடிக்கு அடி) என்று சொல்கிறார். அது குறைவோ என்று ஒரு யோசனை. 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை, ஜிபிபி (வாயுவில் இயங்கும் துப்பாக்கி) பக்கம் போவதே மேலா? அந்த அரை மணியில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பல்சக்கரம்:

290-ஐப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் தூரத்துக்கு அது தாராளம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.20 கிராமில் 290 என்றால் சுமார் 0.78 ஜூல். அதே ஆற்றலில் 0.25 கிராம் குண்டு விநாடிக்கு 79 மீட்டர் வேகத்தில் கிளம்பும். காற்றின் தடையையும் சேர்த்தால் 10 மீட்டர் கடக்க ஏறக்குறைய 0.15 விநாடி. ஸ்பிரிங்கை மாற்றி விதியின் விளிம்பான 1 ஜூலுக்கே கொண்டுபோனாலும் அது 0.13 ஆகும். மிச்சம் 17 மில்லிவிநாடிதான். அதற்காக பிஸ்டன், கியர் எல்லாவற்றுக்கும் பாரம் ஏற்ற வேண்டுமா?

நேரம் வீணாவது வேறிடத்தில்: விசையை இழுப்பதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவில். ஏஇஜியில் விசையை இழுத்த பிறகுதான் மோட்டார் சுழலத் தொடங்கி, பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து, விடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே விநாடிக்கு 15 குண்டு வேகமுள்ள துப்பாக்கிக்கு ஒரு சுற்று 67 மில்லிவிநாடி. 25 குண்டு வேகம் என்றால் 40. செமியில் ஒவ்வொரு முறையும் நின்ற நிலையிலிருந்து மோட்டார் வேகம் பிடிக்க வேண்டும் என்பதால் உண்மையான தாமதம் இதைவிடக் கூடும். ஆக எஃப்பிஎஸ்ஸைத் துரத்துவதைவிட இங்கே குறைப்பதில்தான் லாபம்.

இதை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, துப்பாக்கிக்கு அருகே வைத்துச் செமியில் சில முறை சுடுங்கள். பதிவை ஏதாவதொரு ஒலித்தொகுப்புச் செயலியில் திறந்தால் விசையின் சின்னச் சொடுக்கும், பிஸ்டன் அறையும் பெரிய முகடும் தனித்தனியாகத் தெரியும். இடைவெளி 50 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்ல துப்பாக்கி. 80-க்கு மேல் போனால் மூலையில் எதிராளி தலையை இழுத்துக்கொண்ட பிறகுதான் உங்கள் குண்டு போய்ச் சேரும்.

அடுத்து 11.1 வோல்ட். போடுவதற்கு முன் உள்ளே மாஸ்ஃபெட் (மோட்டாரின் மின்னோட்டத்தைத் தானே தாங்கும் மின்னணுச் சுவிட்ச்) இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முழு மின்னோட்டமும் விசையின் செம்புத் தொடுமுனைகள் வழியே போகும். ஒவ்வொரு செமி சுடலிலும் பொறி பறந்து முனை கருகும். செமி மட்டும் என்ற களத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் தொடங்கும் கணத்தில்தான் மோட்டார் அதிக மின்சாரத்தை உறிஞ்சுகிறது. மாஸ்ஃபெட் இருந்தாலும் இன்னொரு தொல்லை உண்டு: பலவீனமான ஸ்பிரிங்கும் வேகமான மோட்டாரும் 11.1 வோல்ட்டில் சேர்ந்தால் செமியில் இரண்டு குண்டு போகும். கியர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அடுத்த சுற்றுக்குள் ஓடிவிடும். அப்புறம் நடுவரிடம் யார் பதில் சொல்வது?

குட்டைத் துப்பாக்கிகளில் பேட்டரிக்கு இடமே கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். பின்கட்டைக் குழாய்க்குள் நுழைவது பெரும்பாலும் 1000 எம்ஏஎச் அளவுக் குச்சிப் பேட்டரிதான். 20சி (கொள்ளளவைப் போல 20 மடங்கு மின்னோட்டம்) என்று அச்சிட்டிருந்தால் 1 ஆம்பியர்-மணி × 20 = 20 ஆம்பியர். மோட்டார் கிளம்பும்போது அதற்கு மேலும் கேட்கும். ஆகவே சி மதிப்பு கூடியதாகத் தேடுங்கள். சின்ன டாமியா வகை இணைப்பான் இருந்தால் டீன்ஸ் வகை இணைப்பானுக்கு மாற்றிவிடுங்கள். வயர் மடிந்து நசுங்காமல் மூடி மூடுகிறதா என்பதையும் உங்கள் பேட்டரியை வைத்தே பாருங்கள். நசுங்கிய லிப்போ தீப்பிடிக்கும்.

வாயுக்கசிவு:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனா கையில க்ரோனோ (குண்டு வேகத்தை அளக்குற கருவி) இல்லாம அந்த அரை மணிக்குப் போகாதீங்க. கியர்பாக்ஸைத் திறக்காமலே உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்றது அது ஒண்ணுதான்.

நீங்க ஆட்டத்துல போடப்போற குண்டையே போடுங்க, 0.25 அல்லது 0.28. முதல்ல ஹாப்-அப்பை (குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்குற ரப்பர் அமைப்பு) அந்த எடைக்குச் சரிபண்ணிட்டு அப்புறம் பத்து குண்டு. சராசரியைவிட, மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. 5 எஃப்பிஎஸ்ஸுக்குள்ள இருந்தா காற்றடைப்பு அருமை. 10-ஐத் தாண்டினா எங்கேயோ கசியுது. சராசரி குறைஞ்சிருக்கு, ஆனா குண்டுக்குக் குண்டு ஒரே மாதிரி வருதுன்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அது சின்ன வேலை. சராசரி பரவாயில்ல, ஆனா தாறுமாறா ஆடுதுன்னா நாசிலுக்கும் (குண்டுக்குப் பின்னால காற்றை விடுற முனை) ஹாப்-அப் ரப்பருக்கும் நடுவுல சந்தேகப்படுங்க.

200 மி.மீ. குழல்ன்னா இன்னொரு விஷயம். 6.05 மி.மீ. துளைக்கு அந்தக் குழலோட கொள்ளளவு 6 கனசெ.மீ.கூட வராது. சிலிண்டர்ல அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு காற்று இருந்தாப் போதும். பக்கத்துல துளையுள்ள சிலிண்டரா, முழு சிலிண்டரான்னு விற்பவர்கிட்ட கேளுங்க. முழுசு போட்டிருந்தா குண்டு வெளியே போன பிறகும் காற்று மிஞ்சும்: சத்தம் கூடும், அதோட கனமான குண்டுல ஜூல் ஏறும். 0.20-ல விதிக்குள்ள இருக்குறது 0.28-ல மீறிடலாம்.

ஜிபிபில இந்த ஏற்றம் இன்னும் மோசம். 0.20-ல 320 எஃப்பிஎஸ் காட்டினா 0.95 ஜூல், பாஸ். அதே துப்பாக்கி 0.28-ல 290 காட்டினா 1.09 ஜூல், வெளியே. இப்படி நடக்கிறது ரொம்ப சகஜம். எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் பேசுறவங்களை நம்பாதீங்க. எடையைச் சொல்லாத எஃப்பிஎஸ்ஸுக்கு அர்த்தமே இல்ல.

மத்தபடி விசை உணர்வுல ஜிபிபியை எந்த ஏஇஜியும் அடிக்க முடியாது. சுத்தியல் விழுந்து வால்வைத் தட்டினதும் குண்டு கிளம்பிடும், மோட்டாருக்குக் காத்திருக்க வேண்டியதில்ல. அதுக்கு விலையா வெப்பநிலைக்கு அடிமையாகணும். ஜிபிபில அடைக்குற கிரீன் கேஸ்ங்கறது கிட்டத்தட்ட புரோப்பேன்தான். 10 டிகிரியில சுமார் 6.4 பார், 20-ல 8.4, 30-ல 10.8. காலையில க்ரோனோல பாஸானது மதியம் சூட்டுல வரம்பை மீறிடலாம். வேகமா அடுத்தடுத்து சுட்டா மேகசின் குளிர்ந்து அழுத்தம் இறங்கும், கடைசிக் குண்டுகள் தொங்கிப் போகும். மேகசினும் கனம், ஒவ்வொண்ணுலயும் வால்வு, ஓ-ரிங்குன்னு பராமரிப்பு. மூணு நாலு மேகசின் வச்சுக்க முடியும், பராமரிக்கப் பொறுமையும் இருக்குன்னா ஜிபிபி. இல்லன்னா ஏஇஜியே போதும்.

முகக்கவசம்:

எல்லோரும் கியர்பாக்ஸுக்குள்ளேயே நிற்கிறீர்கள். துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்ல யாருமில்லையா?

சோதிக்கப் போகும்போது உங்கள் முகக்கவசத்தை அணிந்துகொண்டு போங்கள். கீழ்முகத்தை மூடும் கவசம் பின்கட்டையில் இடித்தால் கண் சிவப்புப்புள்ளிக் குறிக்கு நேரே வராது. அப்போது கழுத்தைச் சாய்ப்பீர்கள். கண்ணாடி விலகி அடியில் இடைவெளி விழும். 1.93 அங்குல உயர மவுண்ட் (குறியைத் தாங்கும் அடிப்பகுதி) இதைப் பெருமளவு சரிசெய்யும். ஆனால் குறி உயர உயர, குழல் கண்ணுக்குக் கீழே அவ்வளவு இறங்கும். 3 மீட்டரில் குறிவைத்த இடத்துக்கு நான்கைந்து செ.மீ. கீழே குண்டு விழும். அதைவிட முக்கியம், தடுப்புக்கு மேலே எட்டிப் பார்க்கும்போது குறியில் எதிராளி தெளிவாகத் தெரிவார், குண்டோ உங்கள் முன்னாலிருக்கும் பலகையிலேயே பட்டுத் தெறிக்கும். இதை வெறும் கையால் சோதிக்கலாம்: ஒரு மேசை விளிம்புக்குப் பின்னால் குந்தி, குறி தெரியும் உயரத்தில் நிறுத்தி, குழல் விளிம்பைத் தாண்டியிருக்கிறதா என்று இன்னொருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

நீளம் என்று விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் பின்கட்டையை மடக்கிய அளவு. உங்களுக்கு வேண்டியது தோளிலிருந்து குழல் முனை வரை. டிரேசர் (குண்டை ஒளிரவைக்கும் முனைக்கருவி) போடுவதாக இருந்தால் அதையும் திருகி வைத்து அளங்கள். முனை 14 மி.மீ. இடப்புரித் திருகுதானா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். நீளம் குறைவதிலும் ஓர் எல்லை உண்டு. முன்கை பிடிக்க இடமில்லாத அளவுக்குக் குட்டையானால் அவசரத்தில் விரல் குழல் முனைக்கு முன்னே போய்விடும். கைதடுப்பு ஒன்று பொருத்த இடமிருக்கிறதா?

இடத்தோளுக்கு மாற்றிப் பாருங்கள். இடப்பக்க மூலைகளில் அப்படித்தான் சுட வேண்டும். செலக்டரும் (சேஃப்டி, செமி, ஆட்டோ மாற்றும் நெம்பு) மேகசின் பொத்தானும் இரு பக்கமும் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பிடியை விட நேரும்.

கண்ணாடி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கண்பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 166-இல் 'எஃப்' குறி என்பது 6 மி.மீ., 0.86 கிராம் எஃகுக் குண்டு விநாடிக்கு 45 மீட்டரில் மோதுவதைத் தாங்குவது, 0.87 ஜூல்தான். உங்கள் களத்தின் உச்சவரம்பைவிடக் குறைவு. 'பி' குறி 120 மீட்டருக்கு, அதாவது சுமார் 6.2 ஜூல். கண்ணைச் சுற்றி முழுதாக அடைக்கும் 'பி' வகையைத்தான் வாங்க வேண்டும். கம்பிவலை வாய்க்கு நல்லது, பல் தப்பும். கண்ணுக்குக் கூடாது, நெருக்கத்தில் உடைந்த குண்டின் துகள் வலைக்குள் புகும்.

மூலைமுடுக்கு:

மூவருக்கும் நன்றி. சோதித்தாயிற்று. 0.25 கிராமில் பத்து குண்டு: உச்சம் 262, தாழ்வு 247. மேகசினை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால் வித்தியாசம் 6-க்கு இறங்குகிறது. விசைத் தாமதம் 7.4 வோல்ட்டில் 85 மில்லிவிநாடி. ஒருமுறை செமியில் பிஸ்டன் பாதியில் நின்றுவிட்டது. ஆட்டோவில் ஒரு தட்டு தட்டியதும் சரியானது. பேட்டரி அப்போது 7.2 வோல்ட் காட்டியது. மாஸ்ஃபெட் இல்லையாம். முகக்கவசத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. வாங்கலாமா?

பல்சக்கரம்:

வாங்கலாம், விலையைக் குறைத்து. பாதியில் நின்றதற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். 7.2 என்றால் செல்லுக்கு 3.6 வோல்ட், ஏறக்குறைய காலி. நிறைந்த லிப்போ செல்லுக்கு 4.2 காட்ட வேண்டும். 85 மில்லிவிநாடி என்பதும் அந்தக் காலிப் பேட்டரியின் கணக்கு. நிறைத்து மறுபடி அளந்து பாருங்கள். நிறைந்த பேட்டரியிலும் நின்றால் கட்-ஆஃப் நெம்புகோல் (செமியில் ஒரு சுற்றோடு மின்சாரத்தைத் துண்டிப்பது) தேய்ந்திருக்கிறது. உதிரி சின்னதுதான், ஆனால் கியர்பாக்ஸ் திறந்தாக வேண்டும். எப்படியும் மாஸ்ஃபெட்டுக்காகத் திறக்கப்போகிறீர்கள், இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுங்கள்.

திறந்ததும் பிஸ்டனின் முதல் இரண்டு பற்களைப் பாருங்கள். செமி அதிகம் சுட்ட துப்பாக்கியில் அங்கேதான் தேயும். செக்டர் கியரின் (பிஸ்டனை இழுக்கும் கியர்) முதல் பல் பிஸ்டனில் முழு முகமாகப் படாமல் நுனியில் பட்டால், சிலிண்டர் தலையில் தகுந்த தடிமனில் ரப்பர் அட்டை ஒட்டிப் பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும். வேகம் வேண்டுமென்றால் 18:1 கியரை (மோட்டாரின் 18 சுற்றுக்கு ஒரு சுடல்) விட்டுவிட்டு 13:1 போட்டு 7.4 வோல்ட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். உங்கள் துப்பாக்கியில் இருப்பது ஏறக்குறைய எம்90 (0.20 கிராம் குண்டை விநாடிக்குச் சுமார் 90 மீட்டரில் தள்ளும்) ஸ்பிரிங்தான். கொஞ்சம் முறுக்குத்திறனுள்ள மோட்டாருக்கு அது பாரமே இல்லை.

வாயுக்கசிவு:

மேகசினை அழுத்தினா சீராகுதுன்னா ரப்பர் குற்றமில்ல. ஹாப்-அப் அறையைப் பின்னோக்கித் தள்ளுற ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, இல்லன்னா மேகசின் கொக்கி தேஞ்சு மேகசின் தொங்குது. வேற மேகசின் ஒண்ணு போட்டுப் பாருங்க. அதுலயும் ஆடினா கொக்கி அல்லது அந்த ஸ்பிரிங். ஆடலன்னா மேகசின்தான், உதட்டுப் பக்கம் ஒரு சுற்று மெல்லிய டேப் ஒட்டினாலே நிக்கும். அப்படியே துப்பாக்கியைப் பக்கவாட்டுலயும் தலைகீழாவும் பிடிச்சு அரை மேகசின் சுடுங்க, ஊட்டம் விட்டுப்போகுதான்னு தெரிஞ்சிடும்.

கடைசிக் கேள்வி விற்பவர்கிட்ட கேக்க: இந்த வடிவத்துக்கு மேகசின் தனியா கிடைக்குதா? குட்டைத் துப்பாக்கி மேகசின் பலதும் ஒண்ணுக்கொண்ணு சேராது. முறுக்கற ஹை-கேப் (நிறைய குண்டு கொள்ற மேகசின்) உள்ளரங்கத்துல கிலுகிலுன்னு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும், முறுக்க வேண்டாத மிட்-கேப்பாப் பாருங்க.

முகக்கவசம்:

பரிமாற்றத்தின்போது ஒன்று. மேகசினைக் கழற்றிய பிறகும் ஹாப்-அப் அறையில் ஒரு குண்டு நிற்கும். ஊட்டக் குழாயிலிருந்து இரண்டு மூன்று கீழே உதிரும். மேகசினைக் கழற்றி, குழலைப் பாதுகாப்பான திசையில் தாழ்த்தி, செமியில் இரண்டு முறை வெற்றாகச் சுட்டு, சேஃப்டிக்கு மாற்றி, பேட்டரியைப் பிரித்து, குழல் முனையில் உறை மாட்டி, அதன் பிறகே கண்ணாடியைக் கழற்றுங்கள். லிப்போவை வீட்டில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், துப்பாக்கிக்கு வெளியே.