'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள்? எப்படிப் பிடித்துக்கொள்வது?

வரிக்குவரி கேட்கிறார்:

ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கப் பழகிவருகிறேன். நீளமான, கடினமான சொற்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. அவற்றுக்கு ஒரு பொருள், மிஞ்சினால் இரண்டு. அகராதியைப் பார்த்து எழுதிவிடலாம். என்னைத் திணறடிப்பது 'ரன்' மாதிரியான சின்னச் சொல்தான்.

இப்போது கையில் இருக்கும் கட்டுரையில் ஒருவர் தேர்தலில் 'ரன்' செய்கிறார். முன்பு ஒரு நிறுவனத்தை 'ரன்' செய்தவர் அவர். பிரசாரப் பணம் 'ரன் அவுட்' ஆகிறது. அவரைப் பற்றி ஒரு நாளிதழ் தொடர் கட்டுரை 'ரன்' செய்கிறது. கட்டுரை முழுவதிலும் ஒருவர்கூடக் காலெடுத்து ஓடவில்லை! இணைய அகராதியைத் திறந்தால் பக்கம் முடிவதே இல்லை. இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தமிழ்ச் சொல் வைத்துக்கொள்ள வழியுண்டா?

நிரலாளன்:

கணினித் துறையில் நாங்கள் 'இயக்கு' என்று முடிவுசெய்து நீண்ட காலமாகிறது. நிரலை இயக்கு, இயந்திரத்தை இயக்கு, பஸ்ஸை இயக்கு. நிறுவனத்துக்கும் இதே சொல் பொருந்தும். ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டால் வாசகருக்கும் குழப்பம் வராது என்பது என் கருத்து.

அகராதிப்பிரியை:

வரிக்குவரி, மனப்பாடம் செய்ய வேண்டாம். அது யாராலும் ஆகிற காரியமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில் இந்த ஒரு வினைச்சொல்லுக்காகவே பீட்டர் கில்லிவர் என்ற தொகுப்பாளர் ஒன்பது மாதம் உழைத்தார். 2011-இல் வெளியான அந்தப் பதிவில், வினையாக மட்டும் 645 பொருள்கள். அதற்கு முன் அந்த அகராதியின் மிக நீண்ட பதிவு என்ற பெயர் வெகுகாலம் 'செட்' என்ற சொல்லிடம் இருந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தம் தொடங்கியபின் 2000-இல் 'மேக்', 2007-இல் 'புட்' என்று அந்தப் பெயர் கைமாறி, கடைசியில் 'ரன்' முந்திக்கொண்டது. பாருங்கள், எல்லாம் குழந்தைகள் முதலில் கற்கும் சொற்கள்! அவற்றைப் பிறந்தது முதல் பேசுகிறவர்களும் 645-ஐ எண்ணி வைத்துக்கொண்டு பேசுவதில்லை.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தச் சொல்லின் வேரை. பழைய ஆங்கிலத்தில் அது காலால் ஓடுவதை மட்டும் குறிக்கவில்லை. நீர் பாய்வதையும் குறித்தது. உறவு மொழியான ஜெர்மனில் இன்றும் 'ரின்னன்' என்றால் நீர் வழிந்தோடுவது. தடையின்றி, விட்டுவிடாமல் செல்வது என்ற அந்த நீரோட்டப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். குழாய் 'ரன்' ஆகிறது, மூக்கு 'ரன்' ஆகிறது, துணியின் சாயம் 'ரன்' ஆகிறது. மலையடிவாரத்தை ஒட்டிச் சாலை 'ரன்' ஆகிறது. அது அசையவே இல்லை, நம் கண்தான் அதன் வழியே ஓடுகிறது. ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு 'ரன்' ஆகிறது. நெட்டை உருவம் ஒரு குடும்பத்தில் 'ரன்' ஆகிறது. இவை எல்லாவற்றிலும் ஒன்று தொடர்ந்து செல்கிறது, அவ்வளவுதான். நீராவி எந்திரமும் ரயிலும் வந்தபின் இயந்திரங்களும் இந்தச் சொல்லுக்குள் கூட்டமாக நுழைந்தன. அவற்றின் பின்னால் கணினி நிரலும் வந்து சேர்ந்தது.

மீதிப் பாதிக்கு வேறொரு காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் தானே ஓடுவதற்கு ஒரு வினை, பிறரை ஓடச் செய்வதற்கு இன்னொரு வினை என்று இரண்டு இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவத்தில் கலந்துவிட்டன. அதனால்தான் குதிரையும் 'ரன்' செய்கிறது, முதலாளியும் நிறுவனத்தை 'ரன்' செய்கிறார். தமிழில் அந்த வேறுபாடு உயிரோடு இருக்கிறது: ஓடு, ஓட்டு. வண்டி ஓடுகிறது, அவர் வண்டியை ஓட்டுகிறார். ஆகவே ஆங்கில வாக்கியத்தைப் பார்த்ததும், எது ஓடுகிறது, அதை யாராவது ஓடச் செய்கிறார்களா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பிறகு அந்தச் சொல்லை ஒட்டி வரும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். 'ரன் இன்டு' என்றால் மோதுவதாகவும் இருக்கலாம், எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பதாகவும் இருக்கலாம், செலவு கோடிக்கணக்கை எட்டுவதாகவும் இருக்கலாம். 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறியிருக்கலாம், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டிருக்கலாம். இங்கே 'ரன்'னை மட்டும் பிரித்தெடுத்துப் பொருள் தேடுவது வீண்வேலை.

நிரலாளன், நிரலுக்கு 'இயக்கு' மிகப் பொருத்தம். அதை நிறுவனத்துக்குக் கொண்டுவருவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நாம் பள்ளி நடத்துகிறோம், கடை நடத்துகிறோம், பத்திரிகை நடத்துகிறோம். ஆங்கிலம் ஓட்டுகிற இடத்தில் தமிழ் நடத்துகிறது. நிதானமும் பொறுப்பும் உள்ள சொல் அது. 'கடை ஓடுகிறதா?' என்று நாம் கேட்பதும் உண்டு. ஆனால் அது வியாபாரம் எப்படி என்ற விசாரிப்பு. இப்படி இரண்டு தனித்தனிச் சொற்கள் கைவசம் இருக்கும்போது ஏன் ஒன்றையே எங்கும் ஒட்ட வேண்டும்?

தேர்தல் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்கர் தேர்தலில் 'ரன்' செய்வார். பிரிட்டனில் அதே வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்வார். ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார், இருவரும் கேட்பது வாக்கு. நாமும் 'தேர்தலில் நிற்கிறார்' என்கிறோம். அங்கே 'ஓடுகிறார்' என்று எழுதினால் வேட்பாளர் பயந்து ஓடிவிட்டார் என்றே வாசகர் நினைப்பார்.

அதற்காக 'ஓடு' என்ற சொல்லையே கண்டு ஒதுங்க வேண்டாம். படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, நரம்பில் இரத்தம் ஓடுகிறது, மனத்தில் ஓர் எண்ணம் ஓடுகிறது, வருடங்கள் ஓடிவிட்டன. ஓடையும் இதே வேரில் பிறந்ததுதான். இயல்பாக வருகிற இடத்தில் தயங்காமல் எழுதுங்கள். காய்ச்சலை மட்டும் ஓடவிடாதீர்கள். தமிழில் அது அடிக்கும்.

மட்டைவீச்சு:

கிரிக்கெட்டை விட்டுவிட்டீர்களே! அங்கே 'ரன்' முதலில் உண்மையான ஓட்டம்தான். 22 கெஜ ஆடுகளத்தின் இரு முனைகளிலும் நிற்பவர்கள் மாறிமாறி ஓடி எதிர்முனையை அடைந்தால் ஒன்று. ஆனால் பந்து தரையைத் தொடாமல் எல்லைக்கோட்டைத் தாண்டினால் யாரும் ஓட வேண்டியதில்லை, ஆறு 'ரன்' கணக்கில் ஏறுகிறது. ஓட்டம் ஓர் அளவாகவே மாறிவிட்டது. தமிழ் வர்ணனையில் 'ஓட்டங்கள்' என்று கேட்கும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி. இன்னொன்று: வரிக்குவரி சொன்ன 'ரன் அவுட்' ஆட்டத்திலும் உண்டு. ஆனால் அது ஓடும்போது ஆட்டமிழப்பது. பணம் தீர்வதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

வரிக்குவரி:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, அதே கட்டுரையில் இன்னும் இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. வங்கியின் மீது 'ரன்' என்று வருகிறது. பிறகு, 'ரன் ஆஃப் த மில்' அரசியல்வாதி என்று வருகிறது. முதல் நான்கையும் இப்படி எழுதியிருக்கிறேன்: 'முன்பு ஒரு நிறுவனத்தை நடத்திய அவர் இப்போது தேர்தலில் நிற்கிறார். பிரசாரத்துக்கான பணம் வெளியே ஓடிவிட்டது. ஒரு நாளிதழ் அவரைப் பற்றித் தொடர் கட்டுரை வெளியிட்டுவருகிறது.' சரியா?

அகராதிப்பிரியை:

வங்கியைப் பொறுத்தவரை, பணம் போய்விடுமோ என்ற அச்சத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் தங்கள் பணத்தை எடுக்க முனைவதுதான் அது. 2007-இல் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் நீண்ட வரிசைகள் நின்றன. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். அதில் பெரும்பகுதி இணையம் வழியே நடந்தது, வரிசைகூடத் தேவைப்படவில்லை. ஆகவே 'வங்கியை நோக்கி ஓடினார்கள்' என்று எழுதினால் நடந்ததற்கே மாறாகிவிடும். 'பீதியில் எல்லாரும் பணத்தைத் திரும்ப எடுக்க முற்பட்டார்கள்' என்று விரித்தே எழுதுங்கள். இரண்டு சொல் கூடினால் பரவாயில்லை, வாசகருக்குப் புரிவது முக்கியம்.

'ரன் ஆஃப் த மில்' என்பது ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வெளிவரும் சரக்கைக் குறித்த பேச்சு. அதிலிருந்து 'தனிச்சிறப்பில்லாத' என்ற பொருள் வந்தது. 'பத்தோடு பதினொன்றான அரசியல்வாதி' என்றால் தமிழில் அப்படியே உட்கார்ந்துவிடும். ஆலையைத் தேடிப் போக வேண்டாம்.

உங்கள் நான்கில் மூன்று நன்றாக வந்திருக்கின்றன. 'வெளியிட்டுவருகிறது' மிகச் சரி. இரண்டாவது வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். 'வெளியே ஓடிவிட்டது' என்றால் யாரோ எடுத்துக்கொண்டு ஓடியதாகப் படும், தேர்தல் கட்டுரையில் அது பெரிய குற்றச்சாட்டு. அவரிடம் பணம் முற்றிலும் காலியா, காலியாகிக்கொண்டிருக்கிறதா என்று மூலத்தைப் பாருங்கள். முதலாவது என்றால் 'தீர்ந்துவிட்டது'. இரண்டாவது என்றால் 'கரைந்துவருகிறது'.