மறு: வைரஸ் தொற்றில் பாக்டீரியாவின் பங்கு: கலைச்சொல் தேவை

வணக்கம்.

> 'துணைத்தொற்று' என்றே வைத்துவிடலாமே? பாக்டீரியா வைரஸுக்குத் துணைபோகிறது, அவ்வளவுதானே?

அதோடு விட எனக்கு மனமில்லை. நாம் பேசும் பாக்டீரியா பெரும்பாலும் தொற்றுவதே இல்லை. குடலில் ஏற்கெனவே குடியிருப்பவை. ஃப்ளூவைத் தொடர்ந்து நுரையீரலைப் பிடிக்கும் பாக்டீரிய நிமோனியா வேறு. 1918 பெருந்தொற்றில் பெரும்பாலானோரின் உயிரைக் குடித்தது அதுதான். அதற்கு 'மேல்தொற்று' நன்றாகவே பொருந்துகிறது.

அப்புறம், பாக்டீரியா சிலசமயம் வைரஸுக்குத் துணைபோகிறது, எப்போதும் இல்லை. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்த சுண்டெலிகளிடம் போலியோ வைரஸின் வேகம் குறைந்தது. காரணம், பாக்டீரியா இருந்தால் அதன் வெளியுறையில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு (கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த மூலக்கூறு) வைரஸின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியதும் வைரஸ் துகள் வெப்பத்தை அதிகம் தாங்குகிறது, செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியையும் இறுகப் பற்றுகிறது. இது துணை, சரி. ஆனால் அதே சுண்டெலிக் குடலில் இழைபோல் நீண்டு வளரும் ஒருவகை பாக்டீரியா இருந்தால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸால் காலூன்ற முடிவதில்லை. கொசுவின் உடலில் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா இருந்தால் டெங்கு வைரஸ் பெருகத் திணறுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைவாக இருந்தது. இதையெல்லாம் 'துணை' என்ற சொல்லுக்குள் எப்படி அடக்குவது?

'குறுக்கீடு' என்ற சொல்லும் வேண்டாம். ஒரு வைரஸ் இன்னொரு வைரஸைத் தடுப்பதற்கு அது பயன்படுகிறது. 1957இல், வைரஸைத் தடுக்க உடல் சுரக்கும் புரதமான இன்டர்ஃபெரானுக்குப் பெயர் வந்ததும் அந்தக் கருத்திலிருந்துதான்.

என் முன்மொழிவு 'பாக்டீரியத் தலையீடு'. ஊர்ப் பஞ்சாயத்தில் தலையிடுகிறவர் காரியத்தை முடித்தும் வைப்பார், கெடுத்தும் விடுவார். இங்கே வேண்டியது அந்த இருபக்கப் பொருள்தான். வினையாகவும் இயல்பாக வருகிறது: "குடல் பாக்டீரியா போலியோ தொற்றில் தலையிடுகிறது."

உட்பிரிவுக்குத் 'தூண்டு தலையீடு', 'தடுப்புத் தலையீடு' போதும். 'நன்மை', 'தீமை' என்று பிரித்தால் யாருக்கு நன்மை என்ற கேள்வி வரும். வைரஸுக்கு நல்லது நமக்குக் கேடு.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாக்டீரியாவையே தாக்கும் ஃபேஜ் வைரஸ்களை இதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. இச்சொல் அவற்றைக் குறிக்காது என்று அகராதிப் பதிவின் விளக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.