புதுப்பிப்பு: அலர்ஜி மாத்திரையை நிறுத்தியதும் வரும் அரிப்பு

செட்ரிசின், குளோர்பெனிரமின் ஆகிய அலர்ஜி மாத்திரைகள் தரும் தூக்கம், வாய் உலர்தல் பற்றி முன்பு இந்த இழையில் எழுதியிருந்தேன். அதில் விடுபட்டது, மாத்திரையை நிறுத்திய பிறகு வரும் தொல்லை.

செட்ரிசின் அல்லது அதன் நெருங்கிய வகையான லிவோசெட்ரிசினைத் தினமும் மாதக்கணக்கில் போட்டு சட்டென்று நிறுத்தினால், சிலருக்கு ஓரிரு நாளில் உடம்பெங்கும் கடும் அரிப்பு வருகிறது. முன்பு அரிப்பே இல்லாதவர்களுக்கும் வரலாம். அரிது என்றாலும், 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு எச்சரிக்கை விடுத்தது. அலர்ஜி திரும்பிவிட்டது என்றெண்ணி பலரும் மறுபடி மாத்திரைக்கே போகிறார்கள்; அரிப்பு அடங்குவதால் அந்த எண்ணம் உறுதியாகிவிடுகிறது. இதுதான் எனக்குக் கவலை. மீண்டும் தொடங்கி, மருத்துவர் சொல்படி அளவைப் படிப்படியாகக் குறைத்தது சிலருக்குப் பலன் தந்திருக்கிறது.

செட்ரிசின் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழக்கமான 10 மி.கி. உடம்பில் தேங்கி தூக்கக் கலக்கம் கூடும்; பொதுவாக 5 மி.கி.தான் தருவார்கள்.

தூக்கம் குறைவாகத் தரும் என்று ஃபெக்ஸோஃபெனாடின் என்ற அலர்ஜி மாத்திரைக்கு மாறியவர்கள் அதைத் தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் சாறு மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும்.

சளி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கிறது. செட்ரிசினோடு அதையும் போட்டால் இரட்டைத் தூக்கம். புராஸ்டேட் சுரப்பி வீங்கிய பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும்.