பழைய சர்வீஸ் டிரக்கில் கேம்பர் ஏற்ற: டூல் பெட்டிப் பாடியைக் கழற்றணுமா, சேசிஸ் தாங்குமா?

நெடுஞ்சாலை எழுதியது:

வணக்கம். கையில் இருப்பது ஒரு பழைய சர்வீஸ் டிரக். ஒற்றை கேபின், டீசல், பின்னால் இரட்டைச் சக்கரம், சி-சேனல் சேசிஸ். பின்பக்கம் இரண்டு ஓரமும் இரும்பு டூல் பெட்டி வைத்த பாடி. பிக்கப் வண்டிக்காகச் செய்த, கால் ஊன்றி ஏற்றி இறக்கும் கேம்பர் (படுத்துத் தங்கும் அறைப் பெட்டி) ஒன்றை இதில் வைக்கணும். விவரம்:

வண்டித் தகட்டில் மொத்த எடை வரம்பு 4,500 கிலோ. முன் அச்சு 1,900, பின் அச்சு 3,200.
எடை மேடையில் டேங்க் நிறைய டீசல், ஓட்டுநரோடு: முன் 1,310, பின் 1,490.
வீல்பேஸ் 3,600 மி.மீ. டயரில் 121/118 என்று இருக்கிறது.
கேம்பர் தகட்டில் வெற்று எடை 980 கிலோ. தண்ணீர்த் தொட்டி 110 லிட்டர். அடிப்பாகம் 1,200 மி.மீ. அகலம், மேலே சிறகு விரிந்து 2,100. அடித்தளத்திலிருந்து, கேபினுக்கு மேலே நீளும் படுக்கை மூக்கின் அடிவரை 1,400. சேசிஸ் மேல்மட்டத்திலிருந்து கேபின் கூரை 1,250.

பாடியை வைத்துக்கொண்டே செய்ய முடியுமா, இல்லை தட்டைத் தளம் கட்டணுமா? எதில் கட்டுவது? கமான் பட்டையைக் கூட்டணுமா? ஓடும்போது கேம்பர் பேட்டரி சார்ஜ் ஆகவும் வழி வேண்டும்.

---

அச்சாணி எழுதியது:

பாடியைக் கழற்றிவிடுங்கள். பெட்டிகளுக்கு நடுவே அடிப்பாகம் நுழைந்தாலும் சிறகு பெட்டி மூடியில் போய் உட்காரும். கேம்பரின் எடை முழுவதும் அடித்தளத்தில் நிற்கணும், சிறகு எதையும் தொடக்கூடாது. சிறகில் தாங்கினால் பக்கச் சட்டம் பிரிந்து, அந்த மூலையில்தான் முதலில் தண்ணீர் இறங்கும். அதோடு அந்த மாதிரி இரும்புப் பாடி 400, 450 கிலோ வரை இருக்கும். அதைச் சுமந்துகொண்டே கேம்பரையும் ஏற்றுவதில் அர்த்தமில்லை.

980 என்ற எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பேட்டரி, ஏசி, பந்தல், பின் ஏணி போன்றவை பெரும்பாலும் அதில் சேராது. 1,100 என்று வைப்போம். தண்ணீர் 110. இரண்டு கேஸ் சிலிண்டர் 35. பேட்டரி 30. சாமான், சாப்பாடு, படுக்கை 150. ஆக 1,425. இன்னொரு ஆள் 75. பாடி போய், 220 கிலோவில் புதுத் தளம் வந்தால் வண்டி ஏறக்குறைய 2,570. மொத்தம் 4,070. வரம்புக்குள்தான் இருக்கிறது.

ஆனால் மொத்தம் சரியாக வந்தால் போதாது, அந்த 1,425 எங்கே உட்காருகிறது என்பதுதான் வண்டியின் ஓட்டத்தைத் தீர்மானிக்கும். கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்கு 300 மி.மீ. முன்னால் விழுந்தால், 300-ஐ 3,600-ஆல் வகுங்கள்: எடையில் 8.3 சதவீதம், அதாவது 119 கிலோ முன் அச்சுக்குப் போகும், மீதி 1,306 பின்னுக்கு. அதே மையம் அச்சுக்கு 250 மி.மீ. பின்னால் போனால் பின் அச்சில் 1,524 ஏறும், முன் அச்சு 99 கிலோ தூக்கப்படும். பிறகு ஸ்டீயரிங் லேசாகும், ஈரச் சாலையில் முன் சக்கரம் பிடிக்காது. எந்தக் கமான் பட்டையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கேம்பர் பக்கவாட்டில் எடை மையக் குறி ஒட்டியிருந்தாலும் ஏற்றிய பிறகு சரிபாருங்கள். முன் அச்சில் கூடிய எடையைக் கேம்பர் எடையால் வகுத்து வீல்பேஸால் பெருக்கினால், மையம் பின் அச்சுக்கு எவ்வளவு முன்னால் என்று கிடைத்துவிடும். தொட்டி நிறைய ஒரு முறை, காலியாக ஒரு முறை எடை போடுங்கள். தொட்டி பின்மூலையில் இருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

டயர்: 121 என்றால் ஒற்றையாக 1,450 கிலோ, 118 என்றால் இரட்டையில் ஒவ்வொன்றும் 1,320. எண்ணிக்கை தாராளம். ஆனால் அது முழுக் காற்றுக்கான கணக்கு. பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரில் இந்தச் சுமையை ஏற்றவேண்டாம். உள்சக்கரத்தையும் எட்டிப் பாருங்கள். இரட்டையில் ஒன்று காற்றிறங்கினால் மற்றது மொத்தத்தையும் சுமந்து சூடேறும், வெளியே ஒன்றும் தெரியாது.

---

பட்டறைவாசி எழுதியது:

பாடி இறங்கியதும் தளத்துக்கு அளவெடுக்கும் முன் சேசிஸைத் தட்டிப் பாருங்கள். பாடி உட்கார்ந்திருந்த இடங்கள், பின் அச்சுக்கு மேலே வளையும் பகுதி, ஷேக்கிள் (கமான் பட்டை முனையைப் பிடிக்கும் இணைப்பு) தாங்கிகள், கேபினுக்குப் பின்னால் சேறு தங்கும் மூலை. சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கணும். மந்தமாகக் கேட்டால், செதில் உதிர்ந்தால், அங்கே சுரண்டி மீதமுள்ள தடிமனை அளந்துவிட்டு முடிவெடுங்கள். உள்சேனல் சேர்த்த இரட்டைச் சட்டமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் துரு ஊதித் தகட்டையே வெளியே தள்ளியிருக்கும். அப்படிப்பட்ட சேசிஸில் தளம் கட்டிப் பயனில்லை.

தளத்துக்கு இரண்டு நீளச் சட்டம், 100×50×4 பெட்டிக் குழாய், ஒவ்வொன்றும் 2.7 மீட்டர். குறுக்கே 50×50×3 குழாய் ஏழு, 2 மீட்டர் நீளத்தில். மேலே 18 மி.மீ. மரைன் பிளைவுட், வெட்டு முனையெல்லாம் எபாக்ஸி பூசி. செக்கர் தகடு கண்ணுக்கு அழகு, ஆனால் 4 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 33 கிலோ. பிளைவுட் 12-க்குள் முடிந்துவிடும். ஐந்தரை சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் மிச்சம்.

உயரம்: கேம்பர் மூக்கின் அடி 1,400, கேபின் கூரை 1,250. தளம் எவ்வளவு உயர்கிறதோ அதோடு 150 சேர்த்ததுதான் இடைவெளி. கேபினும் தளமும் தனித்தனியாக ஆடும் என்பதால் 100 மி.மீ. இடைவெளி கட்டாயம். உங்களுக்கு அது இயல்பாகவே கிடைக்கிறது. ஆகவே தளத்தைத் தேவைக்கு மேல் உயர்த்தாதீர்கள். டயர் முழுசாக மேலே ஏறும்போது இடிக்காத உயரம் போதும். நீளச் சட்டத்தின் மேல் குறுக்குக் குழாயை வைக்காமல், வெட்டி அதே மட்டத்தில் இணைத்தால் 50 மி.மீ. குறையும். பக்கக் காற்றில் அந்த 50 தெரியும்.

இனி முக்கியமானது. மேடு பள்ளத்தில் ஒரு பின்சக்கரம் ஏறும்போது சி-சேனல் சேசிஸ் முறுக்கிக்கொடுக்கும், அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பெட்டிக் குழாய்த் தளமோ முறுக்காது. இரண்டையும் நாலு மூலையிலும் இறுக்கிவிட்டால், கேபினுக்குப் பின்னால் தளம் தொடங்கும் இடத்தில் சேசிஸ் விரிசல் விடும், இல்லையென்றால் கேம்பரின் மூலை பிரியும். எனவே பின் அச்சை ஒட்டியும் அதற்குப் பின்னாலும் தகடு வைத்து அசையாமல் பூட்டுங்கள். பக்கத்துக்கு இரண்டு தகடு, தகட்டுக்கு எம்16 போல்ட் மூன்று, 8.8 தரம், 200 நியூட்டன் மீட்டர் இறுக்கம். முன்பக்கம் மட்டும் பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங் மவுண்ட்: நீளமான எம்14 போல்ட், அழுத்து ஸ்பிரிங், நைலான் பூட்டு நட்டு. ஸ்பிரிங் பாதிதான் அழுந்தியிருக்கணும், மேலும் 20 மி.மீ. திறக்க இடம் வேண்டும். சேசிஸுக்கும் நீளச் சட்டத்துக்கும் நடுவே 10 மி.மீ. தடிப்பான கடின பிளாஸ்டிக் பட்டை வைத்தால் உரசலும் கீச்சொலியும் இருக்காது. முன் மவுண்டுக்குப் பக்கவாட்டில் வழிகாட்டித் தகடு வையுங்கள், மேலே தூக்கலாம், பக்கத்தில் நகரக்கூடாது.

சேசிஸ் சேனலின் மேல், கீழ் மடிப்பில் துளையோ வெல்டிங்கோ கூடாது. துளை நடுத்தகட்டில் மட்டும். பழைய பாடியின் துளைகள் பொருந்தினால் அதுவே நல்லது. தளத்தில் வெல்டிங் வண்டியில் வைத்தே செய்வதாக இருந்தால் பேட்டரி இரு முனையையும் கழற்றிவிடுங்கள்.

பாடியோடு டீசல் ஊற்றும் குழாயின் பிடியும் போய்விடும். புதிதாகப் பொருத்தும்போது ஹோஸ் எங்கும் தொங்காமல் ஒரே சரிவாக இறங்கணும், பக்கத்திலுள்ள காற்றுக் குழாயும் அப்படியே. எங்காவது தொய்ந்தால் பம்பில் நாசில் அடிக்கடி தானாக நின்றுகொண்டே இருக்கும்.

---

சாலையோரம் எழுதியது:

கேம்பரைக் கட்டும் கொக்கியை எப்போதும் நேராகச் சேசிஸில் போடுங்கள். தளத்துத் தகட்டில் போட்டால் ஒரு அவசர பிரேக்கில் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

---

பட்டறைவாசி எழுதியது:

அது பிக்கப் வண்டிக்குப் பொருந்தும், அங்கே படுகை மெல்லிய தகடு. இங்கே முன்பக்கம் ஸ்பிரிங்கில் மிதக்கும் தளம். கேம்பர் தளத்தின் மேல் நிற்கும்போது கொக்கியைச் சேசிஸில் போட்டால், சேசிஸ் முறுக்கும் ஒவ்வொரு முறையும் டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கட்டுக் கம்பி) கேம்பரின் மூலையைக் கீழே இழுக்கும். ஸ்பிரிங் மவுண்ட் போட்டதன் பயனே போய்விடும். கொக்கி தளத்தின் குறுக்குக் குழாயில்தான் இருக்கணும்: 8 மி.மீ. தகட்டில் கண் வெட்டி, குழாயின் இரண்டு முகத்திலும் பிடிக்கும்படி வெல்டிங். கேம்பரையும் தளத்தையும் சேர்த்துச் சேசிஸில் பிடிப்பது பின்பக்கத் தகடுகளின் வேலை. அதனால்தான் அங்கே எம்16.

முன் இரண்டு டர்ன்பக்கிள் கீழும் முன்னும் இழுக்கணும், பின் இரண்டும் கீழும் பின்னும், ஏறக்குறைய 45 பாகையில். ஸ்பிரிங் வைத்த வகை நல்லது. அடியில் 8 மி.மீ. ரப்பர் விரிப்பு. தளத்தின் முன்முனையில் 100×50 மரக்கட்டை ஒன்றைக் குறுக்கே போல்ட் போட்டு, கேம்பர் முகம் அதில் முட்டி நிற்கும்படி செய்யுங்கள். பிரேக் பிடிக்கும்போது தள்ளும் விசையை அதுவே தாங்கும், டர்ன்பக்கிள் மேலே தூக்குவதை மட்டும் பார்த்துக்கொள்ளும். முதல் 50 கிலோமீட்டரில் ரப்பர் அழுந்தி எல்லாம் தளரும், நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கவும் வேண்டாம். பழைய கேம்பரில் கண் போல்ட் பிடித்திருப்பது மரச்சட்டத்தில். ஏற்றும் முன் நாலு மூலையிலும் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி இறங்கினால் அந்த மரத்தை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

---

கமான்பட்டை எழுதியது:

உங்கள் எடைக்கு, கேம்பரின் 1,306-ஐயும் சேர்த்துப் பின் அச்சில் 2,570 அளவில்தான் வரும், வரம்பு 3,200. பட்டை நல்ல நிலையில் இருந்தால் புதிதாகச் சேர்க்கவே தேவையில்லை. சர்வீஸ் வண்டி என்பதால் வருடக்கணக்கில் சுமையோடு நின்றிருக்கும். பாடியை எடுத்த பிறகும் பட்டை தட்டையாகவே இருந்தால் வளைவு போய்விட்டது என்று அர்த்தம். இரு பக்கமும் சேர்த்துப் புதுசெட் போடுங்கள், புஷ்ஷும் ஷேக்கிள் பின்னும் அதோடு. யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், ஒருமுறை இழுபட்டது மறுமுறை அதே பிடி தராது. 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்கணும்.

ஏர் பேக் (பட்டைக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை) போட்டால் உயரத்தைச் சமன்செய்யலாம், ஆனால் தகட்டில் உள்ள வரம்பு ஒரு கிலோகூட ஏறாது. பட்டையின் இரு தாங்கிகளில் பிரிந்து போன சுமை, பேக் இருக்கும் ஒரே புள்ளியில் குவியும். அந்த இடத்தில் சேசிஸ் ஆரோக்கியமாக இருக்கணும். இரண்டு பேக்குக்கும் தனித்தனிக் காற்றுக் குழாய் வேண்டும். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் சாய்ந்த பக்கத்துக் காற்று எதிர்ப் பக்கம் ஓடிச் சாய்வை இன்னும் கூட்டிவிடும். சாய்வுதான் தொந்தரவு என்றால் பேக்கைவிடப் பின் ஆன்டி-ரோல் பார் (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) அதிகம் உதவும்.

பலர் கவனிக்காத ஒன்று: பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே நெம்புகோல் வைத்த பிரேக் வால்வு இருக்கிறதா பாருங்கள். சுமையில் சேசிஸ் தாழ்வதை வைத்துத்தான் அது பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டுகிறது. கனத்த பட்டையோ ஏர் பேக்கோ போட்டு உயரத்தைத் தூக்கினால், வண்டி காலி என்று வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நாலு டன் வண்டியை முன் பிரேக்கே நிறுத்தும் நிலை வரும், இறக்கத்தில் டிஸ்க் வெந்துபோகும். நெம்புகோலைப் புது உயரத்துக்குத் தயாரிப்பாளர் அளவுப்படி மறுபடி அமைக்கணும். பிரேக் திரவம் புதிது, பின் டிரம் திறந்து சிலிண்டர் கசிவு, லைனிங் பார்ப்பது எல்லாம் கேம்பர் ஏற்றும் முன்னரே.

---

மின்னிணைப்பு எழுதியது:

சார்ஜுக்கு 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (வண்டி மின்சாரத்தை அளவோடு கேம்பர் பேட்டரிக்குக் கொடுப்பது) போடுங்கள். நேரடியாக ரிலே வைத்து லித்தியம் பேட்டரியை இணைத்தால், அதன் உள்தடை மிகக் குறைவு என்பதால் ஆல்டர்னேட்டர் தரக்கூடிய அத்தனையையும் இழுக்கும். என்ஜின் மெதுவாக ஓடும்போது விசிறிக் காற்றும் குறைவு, சுருள் கருகும்.

கம்பி: வண்டி பேட்டரியிலிருந்து சார்ஜர் 6 மீட்டர் என்றால் போக வர 12. 6 சதுர மி.மீ. செம்பில் 30 ஆம்பியருக்கே 1 வோல்ட் போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டால் 0.4 வோல்ட். சார்ஜர் உள்ளே இழுப்பது வெளியே தருவதைவிட அதிகம், 40 ஆம்பியர் வரை போகும். எனவே 60 ஆம்பியர் ஃபியூஸ், இரண்டு பேட்டரிக்கும் பக்கத்திலேயே ஒவ்வொன்று. நெகட்டிவுக்கும் தனிக் கம்பி இழுங்கள், துருப்பிடித்த சேசிஸை நம்பவேண்டாம். கேம்பரை இறக்கும்போது கழற்ற ஆண்டர்சன் வகை கனெக்டர் போதும். விளக்குக்கான 7 முனை பிளக்கில் உள்ள மெல்லிய கம்பியைச் சார்ஜுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

சிறகுக்குக் கீழே இரண்டு பக்கமும் 400 மி.மீ. இடம் மிஞ்சும், எல்லாரும் அங்கே பெட்டி வைப்பார்கள். வைக்கும் முன் கேஸ் சிலிண்டர் அறையின் காற்றுத் துளை எங்கே திறக்கிறது என்று குனிந்து பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கித் திறந்தவெளிக்குப் போகத்தான் அந்தத் துளை. அதன் கீழ் மூடிய பெட்டி இருந்தால் கேஸ் அதற்குள் தேங்கும். சார்ஜரையும் ரிலேயையும் அதே பெட்டியில் வைத்திருந்தால் ஒரு பொறி போதும்.

---

நெடுஞ்சாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, பாடியைக் கழற்றிவிடுகிறேன். இன்னொன்று. கேம்பரின் நாலு காலுக்கும் நடுவே உள்ள அகலம் 2,150. தளம் 2,000, ஆனால் பின் டயர்களின் வெளி விளிம்பு 2,080 வருகிறது. பின்னால் வந்து ஏற்றும்போது பக்கத்துக்கு 35 மி.மீ.தான் இருக்கும். முடியுமா?

---

அச்சாணி எழுதியது:

நுழையும், ஆனால் 35-ஐ நம்பி ஏற்றாதீர்கள். கால் லேசாகச் சாய்ந்தாலே டயர் தட்டும். கால் மடங்கினால் கேம்பர் விழும். இரட்டைச் சக்கர வண்டிக்கென்றே வெளியே ஆடித் திறக்கும் பிராக்கெட் கிடைக்கும். டயர் கடந்து போகவேண்டியது முன் இரண்டு காலை மட்டும் என்பதால் அந்த இரண்டுக்குப் போட்டால் போதும். வண்டி உள்ளே வந்ததும் மடித்துவிடலாம். காலின் நீளத்தையும் பாருங்கள்: தளத்தின் உயரத்தோடு 100 மி.மீ. கூடுதலாகத் தூக்கணும். பிக்கப்புக்குச் செய்த கால் தட்டைத் தளத்துக்குக் குட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரே அகலமான மரப்பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், போல்ட் போட்டு ஒரே கட்டையாக்கி வையுங்கள்.