பான், டான், டின், ஜிஎஸ்டி எண்: எல்லையோரச் செக்குக் கடைக்கு எது வேண்டும்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைச் செக்கு

வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே நானும் என் கணவரும் ஒரு மரச்செக்கு நடத்தி வருகிறோம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கடலையெண்ணெய் மூன்றும் ஆட்டுகிறோம். கொப்பரை காங்கேயத்திலிருந்து வருகிறது. சென்ற ஆண்டு மொத்த விற்பனை ஏறத்தாழ 22 லட்சம் ரூபாய். பஞ்சாயத்து உரிமமும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் இருக்கின்றன. வரி தொடர்பாக என் கணவரின் பான் அட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை.

இப்போது பொள்ளாச்சியில் இரண்டு மளிகைக் கடைக்காரர்கள் மாதந்தோறும் எண்ணெய் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் "டின் நம்பர் கொடுங்கள்" என்கிறார். மற்றவர் ஜிஎஸ்டி எண் கேட்கிறார். எங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தம்பியோ, கடையின் பெயரில் தனியாகப் பான் எடுக்க வேண்டும் என்றும், டான் எண்ணும் வேண்டியிருக்கும் என்றும் சொல்லி ஒரு தொகை கேட்டார். 40 லட்சத்திற்குள் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி தேவையில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். உண்மையில் எங்களுக்கு வேண்டியது எந்த எண்? கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாடு என்பதால் தமிழ்நாட்டு எண்ணும் வாங்க வேண்டுமா?

பதில் 1: மீனாட்சிபுரத்தான்

தமிழ்நாட்டில் விற்பதாக இருந்தால் தமிழ்நாட்டு எண் எடுத்துவிடுவதே நல்லது, சகோதரி. பொள்ளாச்சியில் உறவினர் வீட்டு முகவரி ஏதேனும் இருந்தால் அதைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். எனக்குத் தெரிந்த சிலர் அப்படித்தான் செய்தார்கள்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

மேலே நண்பர் சொன்ன வழியில் மட்டும் போக வேண்டாம். பதிவு என்பது தொழில் நடக்கும் இடத்திற்கு உரியது. சரக்கு போய்ச் சேரும் ஊருக்கு உரியது அன்று. பொள்ளாச்சியில் உங்களுக்குக் கடையோ கிடங்கோ இல்லாதபோது, உறவினர் வீட்டைத் தொழிலிடமாகக் காட்டுவது பொய்யான விவரம் கொடுப்பதாகும்; அதிகாரி நேரில் பார்க்க வந்தால் பதிவு ரத்தாகும். கேரளப் பதிவு ஒன்றை வைத்துக்கொண்டே இந்தியாவின் எந்த மாநிலத்திற்கும் சரக்கு அனுப்பலாம்.

இனி ஒவ்வோர் எண்ணாக வருகிறேன். டின் என்பது வாட் வரிக் காலத்தில் வியாபாரிகளுக்குத் தரப்பட்ட 11 இலக்க எண். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது உங்களைப் போன்ற கடைகளுக்கு அது காலாவதியாகிவிட்டது. ஆனாலும் நம் பக்கத்து மளிகைக் கடைகளில் அந்தச் சொல் இன்னும் போகவில்லை. வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையில் நின்ற நாள்களின் மிச்சம் அது. உங்களிடம் டின் கேட்டவரும் ஜிஎஸ்டி எண்ணைத்தான் கேட்கிறார். இருவர் கேட்பதும் ஒன்றே.

பான் என்பது வருமான வரித்துறை தரும் 10 குறிகள் கொண்ட எண். முதலில் 5 எழுத்துகள், பிறகு 4 இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. நான்காவது எழுத்தைப் பாருங்கள்: தனிநபருக்கு அது 'பி', கூட்டாண்மை நிறுவனத்திற்கு 'எஃப்', கம்பெனிக்கு 'சி'. ஒருவர் தன் பெயரில் தனியுரிமையாகக் கடை நடத்தினால் அந்தக் கடைக்கென்று தனிப் பான் கிடையாது. உரிமையாளரின் பான்தான் கடையின் பானும். ஒருவரே இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் உண்டு என்பதை அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள். நீங்களும் கணவரும் பத்திரம் எழுதிக் கூட்டாளிகளாக நடத்தினால் மட்டுமே நிறுவனத்தின் பெயரில் புதிய பான் வாங்க வேண்டும்.

டான் என்பது பிறருக்குக் கொடுக்கும் பணத்தில் வருமான வரியைப் பிடித்துக் கட்டுபவர்களுக்கான எண். அதுவும் 10 குறிகள்தாம். ஆனால் 4 எழுத்துகள், 5 இலக்கங்கள், ஓர் எழுத்து என்று அமைப்பு வேறு. தனிநபர் வியாபாரியின் முந்தைய ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டினால்தான் ஒப்பந்தக் கூலி, கமிஷன் போன்றவற்றில் வரி பிடிக்கும் கடமை வருகிறது. வேலையாள் ஒருவருக்கு வரி வரம்பைத் தாண்டிய சம்பளம் கொடுத்தால் அப்போதும் பிடிக்க வேண்டும். செக்குக் கடையில் அந்த நிலை வருவது அரிது. உங்களுக்கு டான் இப்போது தேவையில்லை.

ஜிஎஸ்டி எண்ணில் 15 குறிகள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: கேரளத்திற்கு 32, தமிழ்நாட்டிற்கு 33. அடுத்த 10 குறிகள் உங்கள் பானே. பதின்மூன்றாவது, அதே பானில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். அடுத்தது பெரும்பாலும் 'இசட்'. கடைசிக் குறி, முன்னுள்ளவை சரிதானா என்று கணினி சரிபார்ப்பதற்கானது. ஆகவே பானில் உள்ள பெயரில் பிழை இருந்தால் அது ஜிஎஸ்டி விண்ணப்பத்திலும் தொடரும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், தலைப்பெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிடுவார்கள்; ஆதாரிலோ தலைப்பெழுத்து மட்டுமே இருக்கும். இரண்டையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தில் சட்டப்படியான பெயர் பானில் உள்ளதுதான். கடையின் பெயரை வணிகப் பெயர் என்ற கட்டத்தில் எழுத வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்ட 40 லட்சம் கேரளத்திற்கும் பொருந்தும் வரம்புதான். ஆனால் அது மாநிலத்திற்குள்ளேயே பொருள் விற்பவருக்கு. வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்திற்கு விற்றால், ஒரு டின் எண்ணெயே ஆனாலும், பதிவு கட்டாயம். திருவனந்தபுரத்திற்கு அனுப்பினால் வேண்டாத எண், பக்கத்திலுள்ள பொள்ளாச்சிக்கு அனுப்பினால் வேண்டியிருக்கிறது என்பது நம் எல்லைக்காரர்களின் தலையெழுத்து. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து, விற்பனையில் ஒரு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டிவிட்டு இருந்துவிடலாம் என்றும் யாரேனும் சொல்வார்கள். அத்திட்டத்தில் இருப்பவர் வெளி மாநிலத்திலிருந்து வாங்கலாம், வெளி மாநிலத்திற்குப் பொருள் விற்க முடியாது. எனவே நீங்கள் எடுக்க வேண்டியது 32-இல் தொடங்கும் வழக்கமான பதிவு. பொள்ளாச்சி பில்லில் ஐஜிஎஸ்டி, அதாவது வெளி மாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி, போடுவீர்கள். காங்கேயத்துக் கொப்பரைக்கு நீங்கள் கட்டும் வரியையும் அதில் கழித்துக்கொள்ளலாம். இதுவரை அந்தப் பணம் உங்கள் அடக்க விலையில் கரைந்துகொண்டிருந்தது.

ஜிஎஸ்டி பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை.

கொழிஞ்சாம்பாறைச் செக்கு

மிக்க நன்றி, ஐயா. இரண்டு சந்தேகங்கள். பொள்ளாச்சிக்காரர்கள் சிலர் நேரில் கடைக்கு வந்து ஐந்து லிட்டர், பத்து லிட்டர் என்று வாங்கிச் செல்கிறார்கள். அதுவும் வெளி மாநில விற்பனையாகுமா? மேலும், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் தங்கள் கொப்பரையைக் கொண்டுவந்தால் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பதும் உண்டு. அதை விற்பனையாகக் கருத வேண்டியதில்லை அல்லவா? 22 லட்சத்தில் அந்தக் கூலியைச் சேர்க்கவில்லை.

கணக்குப்பிள்ளை

முதல் சந்தேகத்தில் கவலை இல்லை. பதிவில்லாத வீட்டு வாடிக்கையாளர் கடையில் பணம் கொடுத்து வாங்கிச் செல்லும்போது பில்லில் அவருடைய முகவரி இல்லாவிட்டால், விற்பனை நடந்த இடம் உங்கள் கடையே. ஆனால் 2023 அக்டோபர் முதல், பில்லில் அவருடைய முகவரியைக் குறித்தால் அந்த முகவரியே கணக்கு. தமிழ்நாடு என்று மாநிலப் பெயரை மட்டும் எழுதினாலும் போதும், அது வெளி மாநில விற்பனையாகிவிடும்.

இரண்டாவது செய்தியைக் கேள்வியிலேயே சொல்லியிருந்தால் என் பதிலின் தொடக்கமே மாறியிருக்கும். கூலிக்கு ஆட்டுவது பொருள் விற்பனை அன்று, சேவை. 40 லட்சம் என்ற வரம்பு பொருள் மட்டுமே விற்பவர்களுக்கு. சேவையும் சேர்ந்தால் வரம்பு 20 லட்சமாகக் குறைகிறது. வரம்பைக் கணக்கிடும்போது எண்ணெய், பிண்ணாக்கு, ஆட்டுக் கூலி எல்லாமே மொத்த விற்றுமுதலில் சேரும். ஆக, பொள்ளாச்சிக்கு ஒரு லிட்டர்கூடப் போகாமலே நீங்கள் பதிவு செய்திருக்க வேண்டியவர்கள். வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. எந்த மாதத்தில் 20 லட்சம் தாண்டியது என்பதைக் கணக்கேட்டில் பார்த்துக்கொண்டு, விண்ணப்பத்திற்கு முன்பே ஒரு நல்ல ஆடிட்டரை நேரில் பாருங்கள். தாமதித்த காலத்திற்கு வரியும் வட்டியும் எவ்வளவு என்பதை ரசீதுகளைப் பார்த்தே சொல்ல முடியும்; இங்கே எழுதிக் கேட்டுத் தீர்க்கும் விஷயம் அன்று.

பதில் 3: நகரித் தறி

நானும் சித்தூர்க்காரன்தான், ஆனால் ஆந்திரத்துச் சித்தூர். நகரியில் விசைத்தறித் துணி விற்கிறேன். எங்கள் எண் 37-இல் தொடங்கும். எல்லையில் தொழில் செய்பவர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய ஒரு பிழையைச் சொல்கிறேன். திருத்தணியில் என்னிடம் வாங்கும் வியாபாரி ஒருவருக்கு இந்தப் பக்கமும் ஒரு கடை உண்டு. ஒரே பான், 33-இல் ஒரு பதிவு, 37-இல் ஒரு பதிவு. திருத்தணிக் கடைக்கு அனுப்பிய சரக்கிற்குப் பழக்கத்தில் அவருடைய 37 எண்ணைப் போட்டு, வரியையும் மாநிலத்திற்குள் விற்றதுபோல் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்துக் கட்டிவிட்டேன். எண் தவறானதாக இருந்திருந்தால் கணினியே தடுத்திருக்கும்; இதுவோ அவருடைய உண்மையான எண்ணாயிற்றே! திருத்தணிக் கணக்கில் வரி வரவு தெரியவில்லை என்று அவர் கேட்ட பிறகுதான் விளங்கியது. அடுத்த மாத அறிக்கையில் பில்லைத் திருத்தி, ஐஜிஎஸ்டியை மறுபடியும் கட்டி, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தேன். இப்படித் தலைப்பு மாறிக் கட்டியதற்கு வட்டி இல்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் அதுவரை இரண்டு மடங்குப் பணம் முடங்கிக் கிடந்தது. உங்கள் பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பாலக்காட்டிலும் கடை இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். அவர்கள் தரும் எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில், உள்நுழையாமலே, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பெயர், மாநிலம், பதிவு நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் தெரியும்.

கொழிஞ்சாம்பாறைச் செக்கு

கூலிக் கணக்கை நேற்றிரவு கூட்டிப் பார்த்தோம்; ஜனவரியிலேயே 20 லட்சம் தாண்டியிருக்கிறது. பாலக்காட்டில் ஓர் ஆடிட்டரைத் திங்கட்கிழமை பார்க்கிறோம். பொள்ளாச்சிக்காரர்களிடம் அதுவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறோம். கணவரின் பானில் தகப்பனார் பெயர் முழுதாகவும் ஆதாரில் தலைப்பெழுத்தாகவும் இருக்கிறது, ஐயா சொன்னது போலவே. எதைத் திருத்துவது?

கணக்குப்பிள்ளை

ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள், அவருடைய வங்கிக் கணக்கும் பானும் ஒரே பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதையும் சரிபார்த்துவிடுங்கள். திங்கட்கிழமை போகும்போது மின்கட்டண ரசீதும், கட்டடம் வாடகை என்றால் ஒப்பந்தமும் கையில் இருக்கட்டும். எண் வந்ததும் சான்றிதழைக் கடைக்குள் பார்வையில் படும்படி மாட்டி, எண்ணை வாசல் பெயர்ப்பலகையில் எழுத வேண்டும். பலகைக்காரருக்கு 15 குறிகளையும் வாயால் சொல்லாமல் அச்சடித்த தாளாகக் கொடுங்கள்.